உரக்கடையைச் சோதிப்பது யார்? திருகோணமலையில் பீடைகொல்லிச் சட்டமும் அதற்கு ஒதுக்கப்படாத பணமும்

உரக்கடைக்குள் நுழைந்து, தட்டில் இருக்கும் போத்தலைக் கையில் எடுத்து, "இது பதிவு செய்த மருந்தா? இதை விற்க உங்களுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? வயல் செய்கிற பலருக்கு இந்தக் கேள்வியே புதிது. பொலிஸ் என்று சிலர் நினைப்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று வேறு சிலர் சொல்வார்கள்.

சட்டத்தில் விடை தெளிவாகவே இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாத எந்தப் பீடைகொல்லியையும் இலங்கைக்குள் இறக்குமதி செய்யவோ, பொதி செய்யவோ, விற்கவோ முடியாது. பதிவைக் கொடுப்பவரும் மறுப்பவரும் பீடைகொல்லிப் பதிவாளர். அவருடைய அலுவலகம் பேராதனை கெட்டம்பேயில், விவசாயத் திணைக்களத்தின் ஒரு பிரிவாக இயங்குகிறது. களத்தில் இறங்க வேண்டியவர்கள், இச்சட்டத்தின் கீழ் அதிகாரம் அளிக்கப்பட்ட விவசாய அலுவலர்கள். அவர்கள் கடைக்குள் போகலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகமான சரக்கைத் தடுத்து வைக்கலாம், நீதிவான் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரலாம்.

அதிகாரம் கடதாசியில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் போட்டு அந்த அலுவலரைக் கடை வாசல் வரை கொண்டு போகும் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று தேடினால், விடை அவ்வளவு தெளிவாக இல்லை.

தடை எத்தனை உயிரைக் காத்தது

இந்தப் பணம் ஏன் முக்கியம் என்பதற்கு உலகமே இலங்கையைத்தான் உதாரணம் காட்டுகிறது. நம் ஊர்களில் "மருந்து குடித்துவிட்டான்" என்றால் அது எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. பயிருக்கு அடிக்கிற நஞ்சுக்கும் மருந்து என்றுதான் பெயர். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்த பீடைகொல்லியால் இறந்தவர்கள்.

அரசாங்கம் செய்தது ஒன்றுதான்: மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சந்தையில் இருந்து எடுத்தது. 1984இல் பரத்தியானும் மெதைல் பரத்தியானும் போயின. 1995இல் மொனோகுரோட்டோபாசும் மெத்தமிடோபாசும், 1998இல் என்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரை பரக்குவாட், டைமெதோயேட், பென்தியன் ஆகியவை படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2015ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. இருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த எண் இடம்பெற்றது.

போரால் பாதிக்கப்பட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயமும் இதில் உண்டு. 2007இல் வெளியான ஆய்வு, தற்கொலை குறைந்ததற்கு வேலையின்மை, மதுப் பாவனை, போர் நடந்த ஆண்டுகள் ஆகியவற்றோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தது. தொடர்பு தெரியவில்லை. தடைகளோடுதான் பொருந்தியது. மன வேதனை இல்லாமல் போனதால் இறப்புக் குறைந்ததென்று இதற்குப் பொருள் இல்லை. வேதனையின் உச்சத்தில் கைக்கு எட்டிய போத்தல் முன்பைவிடக் கொடுமை குறைந்ததாக இருந்தது, ஆள் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார் என்பதே பொருள்.

வேறு வழியும் முயன்று பார்த்தார்கள். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டுப் போடும் பெட்டிகள் கொடுத்தார்கள். பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சுண்ணுதல் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2017இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது. வீட்டுக்காரரிடம் பூட்டைக் கொடுத்துப் பொறுப்பையும் அவர் தலையில் போடுவது போதவில்லை. சந்தையில் என்ன இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பீடைகொல்லித் தற்கொலைத் தடுப்பு நிலையம் இதற்கான செலவையும் கணக்கிட்டது. காப்பாற்றிய ஓர் உயிருக்கு அரசாங்கம் நேரடியாகச் செலவிட்டது 50 அமெரிக்க டொலருக்கும் குறைவு. இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடமும் தெரிகிறது. இவ்வளவு மலிவாக நடந்ததற்கு ஒரு காரணம், களத்தில் வேலை செய்தவர்களுக்கு அது தனிச் சம்பளம் உள்ள வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது.

பணம் வரும் வழி

பதிவாளர் அலுவலகத்தின் செலவு, விவசாயத் திணைக்களத்தின் 285ஆம் இலக்கச் செலவுத் தலைப்புக்குள் அடங்குகிறது. விதை ஆராய்ச்சி, பயிற்சி நிலையங்கள், சம்பளம் எல்லாம் அதே தலைப்புக்குள்தான். வரவு செலவுத் திட்ட உரையில் உர மானியம் ஒவ்வோர் ஆண்டும் தலைப்புச் செய்தியாகிறது. 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்கு என்று கொடுத்த காலம், 2016இல் மூட்டைக்குப் பதில் காசாக மாற்றிய காலம், பிறகு ஹெக்டயருக்கு 15,000, அடுத்து 25,000 ரூபாய் என்று உயர்ந்த காலம், எல்லாம் விவசாயிக்கு மனப்பாடம். பீடைகொல்லிச் சட்டத்தை நடைமுறைப்படுத்த எவ்வளவு என்று எந்த நிதி அமைச்சரும் அப்படி வாசித்துக் காட்டுவதில்லை.

மாகாணத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. 13ஆவது திருத்தத்தின்படி விவசாயமும் விவசாய விரிவாக்கமும் மாகாண சபைப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாகாணங்களுக்கு இடையிலான நீர்ப்பாசன, காணிக் குடியேற்றத் திட்டங்கள் அதில் இருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. பீடைகொல்லிச் சட்டமோ மத்திய சட்டம். போதனாசிரியர் மாகாணத் திணைக்களத்தின் ஊழியர், அவர் காக்க வேண்டிய சட்டம் மத்தியின் சட்டம், அதன் பதிவாளர் இருப்பது கெட்டம்பேயில்.

மாகாண சபைக்கு மத்தியில் இருந்து வரும் பணம் நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி சில வகைகளாக வருகிறது. தொகுதிக் கொடையில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது. மாகாணக் குறித்தொதுக்கிய அபிவிருத்திக் கொடை பாலம், கட்டடம், விதை நெல் போன்றவற்றுக்குப் போகிறது. கடை சோதனை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அது சம்பளமும் இல்லை, திறப்பு விழா வைக்கக்கூடிய கட்டடமும் இல்லை.

இதைக் கேட்டு வாதாட ஒரு சபையும் இப்போது இல்லை. 2008இல் முதல் தேர்தல் நடந்த கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. திருகோணமலை நகரில் மாகாணச் செயலகமும் விவசாயத் திணைக்களமும் ஆளுநரின் கீழ் இயங்குகின்றன. "போன வருடம் எத்தனை உரக்கடை சோதித்தீர்கள், எத்தனை மாதிரி அனுப்பினீர்கள்?" என்று கேட்க மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் எவரும் அங்கே இல்லை.

துறைமுகத்தைச் சுற்றிய வயல்கள்

திருகோணமலை என்றால் வெளியூர்க்காரருக்குத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் கோணேசர் கோயிலும்தான் நினைவுக்கு வரும். மாவட்டம் உண்மையில் வயல் மாவட்டம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் கந்தளாயும் தம்பலகாமமும் விளைகின்றன. அல்லைத் திட்டத்து வயல்கள் மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றை நம்பியிருக்கின்றன. வடக்கே குச்சவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் நிலத்தில் சின்ன வெங்காயமும் மரக்கறியும் செய்கிறார்கள். மணல் நிலத்தில் கிணற்று நீர்மட்டம் மேலேயே இருக்கும். தோட்டத்தில் அடிப்பது குடிக்கிற கிணற்றுக்குப் போக அதிக தூரம் இல்லை.

வயலில் இருந்து வடியும் தண்ணீரின் கடைசி இடம் கடல். கந்தளாய், தம்பலகாமம் வடிச்சல் தம்பலகாமக் குடாவுக்குப் போகிறது. ஒரு காலத்தில் கண்ணாடிச் சிப்பிக்குப் பெயர்போன குடா அது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மட்டி எடுக்கும் கிண்ணியாப் பெண்ணுக்கும், கரைவலை இழுக்கும் மூதூர் மீனவருக்கும் உரக்கடையோடு நேரடி வியாபாரம் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே என்ன விற்கப்படுகிறது என்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

மேற்கு எல்லையில் பதவிசிறிபுர. காரணம் இன்னும் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அங்கே பரவலாக உண்டு. கிணற்று நீருக்கும் களைநாசினித் தொழிலுக்கும் அந்த நோயோடு தொடர்பு காணப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு அப்பிரதேசத்தையே களமாகக் கொண்டது. அதன் முடிவை ஏற்காத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். நோயாளிகளோ தமிழரானாலும் சிங்களவரானாலும் முஸ்லிம்களானாலும் இரத்தச் சுத்திகரிப்புக்கு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

சம்பூரும் கிளைபோசேட்டும்

கொட்டியாரத்தின் தென்கரையில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 2006 ஏப்ரலில் குண்டு வீச்சோடு சம்பூர் மக்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டு யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும் தண்ணீரே போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மட்டக்களப்பு, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று முகாம் முகாமாக அலைந்தவர்களுக்கு 2015இல்தான் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணி 2016இல் கிடைத்தது.

ஒன்பது ஆண்டு பற்றைக்காடாகக் கிடந்த வயலுக்கும் தோட்டத்துக்கும் ஆட்கள் திரும்பிய அதே 2015 யூனில், அரசாங்கம் கிளைபோசேட் இறக்குமதியைத் தடை செய்தது. தடை சரியா பிழையா என்பது வேறு வாதம். திரும்பி வந்த குடும்பத்திடம் மாடும் இல்லை, உழவு இயந்திரமும் இல்லை, கூலிக்குக் கொடுக்கக் காசும் இல்லை. களைநாசினிக்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு போதனாசிரியர் கட்டாயம் தேவைப்பட்ட நேரம் அது. நாடு முழுவதும் அப்போது நடந்தது, மருந்து கடைத்தட்டில் இருந்து மறைந்து மேசைக்குக் கீழே போனதுதான். இந்தியாவில் இருந்து கடல் வழியாகக் கடத்தப்பட்ட களைநாசினியைக் கற்பிட்டி, மன்னார்ப் பக்கம் கடற்படை பிடித்த செய்திகள் அடிக்கடி வந்தன. அப்படி வந்த பொதியில் தமிழ் விளக்கமோ பதிவிலக்கமோ இருக்காது. உள்ளே இருப்பது என்ன என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்களைக் கடைக்காரரே பின்தொடர முடியவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் தடை தளர்ந்தது. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியோடு இரசாயன உரமும் பீடைகொல்லியும் மொத்தமாக நிறுத்தப்பட்டன. நவம்பரில் பதிவாளர் கிளைபோசேட்டை அனுமதித்து அறிவித்தல் விட்டார். உடனே பதவியில் இருந்து நீக்கப்பட்டார். அதே மாதக் கடைசியில் பொதுத் தடை விலகியது. 2022 ஓகஸ்டில் கிளைபோசேட்டும் திரும்பியது. இடையில் 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முன்னைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வர்த்தமானி அச்சடிக்கப் பணம் இருந்தது. அந்த வர்த்தமானியைத் தமிழில் கையில் எடுத்துக்கொண்டு வெருகல் வரை போய், "இன்று முதல் இதை விற்கக் கூடாது, இருப்பைக் காட்டுங்கள்" என்று சொல்ல எவ்வளவு ஒதுக்கப்பட்டது? 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற போதனாசிரியர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் பழங்குடிகளுக்கும் பணம்

இதே வேலையை அமெரிக்கா எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்காக இல்லை. பணத்துக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது என்பதற்காக.

அமெரிக்கக் கூட்டாட்சிப் பீடைகொல்லிச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மாநிலங்களோடும் பழங்குடி அரசுகளோடும் ஒப்பந்தம் செய்து, சட்டத்தை நடைமுறைப்படுத்தப் பணம் கொடுக்க இடமளிக்கிறது. பீடைகொல்லிப் பாவனை மீறல்களைக் கவனிக்கும் முதல் பொறுப்பு 1978இல் செய்த திருத்தத்தால் மாநிலங்களுக்குப் போனது. பொறுப்போடு சேர்த்துப் பணமும் போகிறது. கூட்டாட்சி வரவு செலவுத் திட்டத்தில் "பீடைகொல்லி அமுலாக்கம்" என்று தனி வரி. அண்மைய ஆண்டுகளில் அது 20 மில்லியன் டொலரைச் சுற்றி ஏறியிறங்கியிருக்கிறது. பணம் வாங்கும் மாநிலம் எத்தனை சோதனை, எத்தனை மாதிரி, எத்தனை நடவடிக்கை என்று கணக்குக் காட்ட வேண்டும்.

பழங்குடிகளுக்கான ஏற்பாடு நம் கவனத்துக்கு உரியது. நவாஹோ போன்ற பெரிய பழங்குடி அரசு தன் சொந்தச் சுற்றாடல் முகவரகத்தின் வழியாகத் தானே பரிசோதகர்களை வைத்திருக்கிறது. தனியாக ஓர் அலுவலரை வைக்க முடியாத சிறு குடிகள் பல சேர்ந்து ஒரே பரிசோதகரைப் பகிர்ந்துகொள்கின்றன. அவர் ஊர் ஊராகச் சுற்றி வருகிறார். அவருக்கான பணமும் அதே வரியில் இருந்துதான்.

திருகோணமலையிலும் பழங்குடிகள் இருக்கிறார்கள். மூதூர் கிழக்கில் நல்லூர், பாட்டாளிபுரம், இளக்கந்தை போன்ற ஊர்களிலும் வெருகல் பக்கமும் கடலோர வேடர் வாழ்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள். தங்களைக் குவேனி வம்சத்தார் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. சேனை, தேன், களப்பு மீன், கூலி வேலை என்று பிழைப்பு. 2006இல் இவர்களும் இடம்பெயர்ந்தார்கள். அடுத்தவர் வயலில் நாள் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவருக்கு முகமூடியும் கையுறையும் யார் கொடுப்பது? பூச்சிநாசினி தேனீயைக் கொல்லும். தேன் குறைந்தால் யாரிடம் முறையிடுவது? இலங்கைச் சட்டத்தில் இவர்களுக்கென்று தனி நிர்வாகமும் இல்லை, தனி ஒதுக்கீடும் இல்லை. பிரதேச செயலகத்தில் மற்றவர்கள் நிற்கும் வரிசையின் கடைசியில் இவர்கள் நிற்கிறார்கள்.

அமெரிக்க மாதிரியை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் மாகாணத்துக்கு வரும் கொடைக்குள் "பீடைகொல்லிச் சட்ட அமுலாக்கம்" என்று ஒரு வரி போடப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அதிகாரம் பெற்ற அலுவலருக்குப் பயணப்படி, மாதிரிப் போத்தல், ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் கெட்டம்பேக்கு மாதிரியை அனுப்பும் செலவு, மூதூர், திருகோணமலை நீதிமன்றங்களுக்கு வழக்குக்குப் போய்வரும் செலவு. அவ்வளவுதான் கேட்கப்படுவது. உர மானியத்தோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

கடையில் நீங்கள் பார்க்கக் கூடியவை

அந்த வரி வரும்வரை, வாங்குகிறவரே முதல் பரிசோதகர். போத்தலில் பதிவிலக்கம், காலாவதித் திகதி, இறக்குமதியாளர் பெயர், நஞ்சின் தரத்தைக் காட்டும் நிறப்பட்டி இருக்க வேண்டும். விளக்கம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். தமிழ் இல்லாத போத்தலை வாங்க வேண்டாம். அது மொழி உரிமைப் பிரச்சினையாக மட்டும் முடிவதில்லை. கடத்தல் சரக்கைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளமும் அதுவே. முத்திரை உடைந்த போத்தலும், சோடாப் போத்தலில் அளந்து தருவதும் சட்டவிரோதம். பிள்ளைகள் உள்ள வீட்டில் சோடாப் போத்தல் மருந்து என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்பவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதைப் பார்க்கக் கேட்பதில் வெட்கம் இல்லை. பற்றுச்சீட்டுக் கட்டாயம் வாங்குங்கள், பயிர் கருகினால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மருந்து உடம்பில் பட்டோ உள்ளே போயோ யாருக்காவது வருத்தம் வந்தால், போத்தலையும் கூடவே எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்சுக்கு 1990. மனம் தாங்காத நேரத்தில், உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ, 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

சந்தேகமான மருந்து பற்றி முறையிட, உங்கள் கமநல சேவை நிலையப் பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியை கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. அழைக்கும்போது மருந்தின் பெயர், பதிவிலக்கம், தொகுதி இலக்கம், வாங்கிய கடை, திகதி ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பதிவிலக்கம் இல்லையென்றால், இல்லை என்பதையே முதலில் சொல்லுங்கள்.